ஞாயிற்றுக்கிழமை நாலே முக்கால்

இரண்டாவது குழந்தை வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இயற்கை, பாரம்பரியம் என்று பெரிய காரணம் எதுவும் கிடையாது. முதல் பிரசவத்தில் என்னைத் தனியாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் காரணம்.

தலைப்பிரசவம் என் அம்மா வீட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. போனை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு இரும்புக் கட்டிலில் என்னை ஆறு மணி நேரம் படுக்க வைத்தார்கள். கத்தினால் ஒரு நர்ஸ் வந்து, "இப்பக் கத்தி என்ன பிரயோஜனம்" என்று கேட்டுவிட்டுப் போனார். கத்தாமல் இருந்தால் யாருமே வரவில்லை. என் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசி அரை மணி நேரத்தில் மட்டும் திடீரென்று ஐந்து பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு உத்தரவு போட்டார்கள். குழந்தை நன்றாகப் பிறந்தாள், நானும் பிழைத்து வந்தேன். எல்லோரும் 'சுகப்பிரசவம்' என்று சொல்லி இனிப்புக் கொடுத்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான்கு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது, சந்தோஷத்துக்கு முன்னால் அந்த இரும்புக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம்தான் பெண் வீட்டுப் பொறுப்பு, அடுத்தது மாமியார் வீட்டோடு. எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்கு வெளியே, மலை தெரியும் தூரத்தில் இருக்கிறது. நான் அங்கே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வைத்திருக்கிறார். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். அங்கே மழை பிடித்து வண்டிகள் ஊர் திரும்பும் மாதங்களில் மட்டும்தான் எங்கள் வீட்டில் ஆண் குரல் கேட்கும். என் நல்ல நேரம், பிரசவத் தேதி அந்த மாதங்களில் விழுந்தது.

சேலத்தில் ஒரு மிட்வைஃப் இருக்கிறார், பிரசவம் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்த நர்ஸ், எல்லாம் சரியாக இருந்தால் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று கல்லூரியில் ஒரு தோழி சொன்னாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "ரிக் வண்டிக்கு ஒரு நட்டுக் கழண்டாலே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டு போறோம். உன்னைய ஊட்டுல வெச்சுப் பாக்கறதா புள்ள?" என்றார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

வீட்டுப் பிரசவம் என்றால் என்ன எதிர்பார்க்கலாம் என்று நான் போனில் நிறைய வீடியோ பார்த்து வைத்திருந்தேன். மங்கலான விளக்கு, மெல்லிய இசை, முதுகுக்கு எண்ணெய், காதோடு ஆறுதல் வார்த்தை. வந்தவரைப் பார்த்தால் ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆத்தூர்ப் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது; நாங்கள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட, அவர் 'சொல்லும்மா, வாம்மா' என்று சுருக்கமாக முடித்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அதில் பிரசவத்தைப் பற்றிப் பேசியது கால் மணி நேரம்கூட இருக்காது. ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் எங்கே, ரத்தம் எவ்வளவு, கிராமத்து நர்ஸிடம் பதிவு செய்த அட்டை எங்கே, பெரிய குழந்தையை அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள், கார் யார் ஓட்டுவார்கள், டேங்கில் எப்போதும் டீசல் இருக்குமா என்று கேள்வி மேல் கேள்வி.

எங்கள் ஊருக்கு வரும் கிராமத்து நர்ஸுக்கு இதெல்லாம் துளியும் பிடிக்கவில்லை. "ஊட்டுல பெத்தா மேலதிகாரிக்கு நான்தானுங்க பதில் சொல்லோணும்" என்று கோபித்துக்கொண்டார். மிட்வைஃப் அவரோடு சண்டை போடவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, எந்த ஆஸ்பத்திரியில் பேசி வைத்திருக்கிறோம், என்னென்ன நடந்தால் அங்கே போவோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கிராமத்து நர்ஸ் முழுதாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் கோபம் பாதியாகக் குறைந்தது.

பிறகு மிட்வைஃப் வாசலுக்குப் போய் வீட்டுக்காரரின் ரிக் லாரியைப் பார்த்தார். அது கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது, அதற்கு உள்பக்கம் எங்கள் கார். "அவசரத்துக்கு இந்தக் கார் எப்படி வெளிய வரும்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அன்று சாயங்காலமே லாரி ஸ்டாண்டுக்குப் போனது. அடுத்த முறை வந்தபோது வீட்டுக்காரரைக் காரை ஓட்டச் சொல்லி, எங்கள் வாசலிலிருந்து டவுனில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரி வரை எத்தனை நிமிடம் என்று பார்த்தார். பதினெட்டு நிமிடம். அங்கிருந்த டாக்டரம்மாவிடம் என்னை அறிமுகம் செய்துவைத்தார். பிரசவ அறையைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். நான் வரமாட்டேன் என்று காரிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். பிரசவ அறையைப் பார்க்கக் கூடாது என்பதற்குத்தானே இவரைக் கூப்பிட்டதே என்று எனக்கு எரிச்சல்.

திரும்பி வரும்போது அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பனிக்குடம். "ஒரு சொட்டுக் கசிஞ்சாலும் அந்த நிமிஷமே போன் பண்ணணும். நேரத்தைக் குறிச்சு வைக்கணும். அது உடைஞ்சுட்டா கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. பதினெட்டு மணி நேரம் ஆகியும் பிறக்கலைன்னா வீட்டுல வெச்சுக்க மாட்டேன், ஆஸ்பத்திரிதான்." இரண்டாவது, "அங்க போனாலும் நான் உன் கூடத்தான் இருப்பேன்." முதலாவதை நம்பினேன். இரண்டாவதை நம்பவில்லை. ஆஸ்பத்திரிக் கதவு சாத்தினால் யார் எங்கே நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

இனி எங்கள் வீட்டு ராகு காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமியாருக்குக் காலண்டர் தேவையில்லை. ஏழு நாளுக்கும் ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றும் தலைக்குள் இருக்கும். எங்கள் வீட்டில் ராகு காலத்தில் எதுவும் நடப்பதில்லை. அப்படியே நடந்துவிட்டாலும், ராகு காலம் முடிந்த பிறகுதான் நடந்ததாக வைத்துக்கொள்வோம். வெளியே சொல்லும்போது நேரம் தானாகத் தள்ளிப் போய்விடும். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. என் அம்மா வீட்டிலும் இதே கதைதான். நான் வயதுக்கு வந்த நேரத்தையே ஒன்றரை மணி நேரம் தள்ளித்தான் மாமா வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இதில் மாமியாரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். குனிந்து வாளியை எடுக்கும்போது காலோடு வெதுவெதுப்பாக இறங்கியது. அதிகமில்லை, ஒரு டம்ளர் இருக்கலாம். கீழே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால். மாமியாரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இப்பச் சொல்லாத சாமி. ஞாயித்துக்கெழமை நாலரைல இருந்து ஆறு ராகு காலம். ஆறு தாண்டட்டும், போன் பண்ணிக்கலாம்."

ஆறு தாண்டியது. அதற்குள் கசிவு நின்றுவிட்டது. வலியும் இல்லை. மாமியார், "அது வேற என்னமோ போல இருக்குது, நல்ல வேளை" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். நான் போனைக் கையில் எடுத்தேன். இப்போது சொன்னால், பதினெட்டு மணி நேரம் என்பது நாளைக் காலை பதினொன்றோடு முடிந்துவிடும் என்று மனது கணக்குப் போட்டது. போனைக் கீழே வைத்துவிட்டேன். மூத்திரமாகத்தான் இருக்கும், இந்த மாதத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. அவர் லாரி ஸ்டாண்டில் இருந்தார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மேல் மறுபடி இறங்கியது, இந்த முறை சந்தேகமே இல்லாமல். லேசாக வலியும் ஆரம்பித்தது. வீட்டுக்காரர் பதறிப் போனை எடுத்தார். மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திங்கள் ஏழரை டு ஒன்பது ராகு காலம். பெரிய ரிக் வைத்திருக்கும் மனிதர், நல்ல நேரம் பார்க்காமல் ஒரு போர்கூடப் போட்டதில்லை. அவரும் போனை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் பண்ணி, "இப்பத்தானுங்க ஒடைஞ்சுது" என்றார்.

மிட்வைஃப் பத்தரைக்கு முன்பே வந்துவிட்டார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கினார். காய்ச்சல் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கையடக்கமான ஒரு கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுவது போலக் கேட்டது. நிமிடத்துக்கு நூற்று நாற்பது. பிறகு நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஒன்பதுக்கு முன்னாடி ஏதாவது கசிஞ்சுதா? காலையில? நேத்து?"

மாமியார் கதவோரம் நின்றிருந்தார். நான், "இல்லைங்க" என்றேன்.

கல்லூரி லேப்பில் கருவியைத் தொடாமலே ரீடிங் எழுதி வரும் பையன்களை நான் நிற்க வைத்துக் கிழித்திருக்கிறேன். அளக்காத எண்ணை எழுதினால் பாலம் இடிந்து விழும் என்று பெரிதாக வசனம் பேசுவேன். அதே வாய்தான் 'இல்லைங்க' என்றது. அவர் நோட்டில் 'காலை 9.05' என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருக்க நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் நினைத்தது எல்லாமே கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். என் சொந்த அறை, என் சொந்தப் போர்வை. பெரியவளை வீட்டுக்காரரின் தங்கை வந்து அழைத்துப் போனாள். நடக்கத் தோன்றியபோது நடந்தேன், சமையலறை வரை போய் மோர் குடித்தேன், திட்ட யாருமில்லை. வலி வரும்போது மிட்வைஃப் என் இடுப்பின் பின்பக்கம் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். பாதி வலி அவர் கைக்குள் போனது போல இருந்தது. மற்ற நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒருவர் எதுவும் செய்யாமல், போனையும் பார்க்காமல், எனக்காக மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் எனக்கு அதை அனுபவிக்க முடியவில்லை. நாலே முக்கால், நாலே முக்கால் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு உடம்புச் சூடு கொஞ்சம் ஏறியிருந்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார். ஒரு மணிக்கு இன்னும் கொஞ்சம் ஏறியது. வலி வந்து வந்து போனதே தவிர நெருங்கவில்லை. ஒன்றே முக்காலுக்குத் துடிப்பைக் கேட்டார். குதிரை இப்போது வேகமாக ஓடியது. கருவியை எடுக்காமல் முழுதாக ஒரு நிமிடம் கேட்டார். நூற்று அறுபத்தெட்டு.

நோட்டைத் திறந்து அந்த அடிக்கோட்டையே பார்த்தார். "உடைஞ்சு அஞ்சு மணி நேரம்கூட ஆகலையே. இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகாதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார். தான் எழுதியதில் எங்கோ தவறு என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. பயமும் வந்துவிட்டது. உள்ளே ஓடிக்கொண்டிருப்பது என் பிள்ளை, என் பொய்யைச் சுமந்துகொண்டு ஓடுகிறது என்று தோன்றியது.

"அக்கா, ஒம்பது மணி இல்லைங்க. நேத்து நாலே முக்கால்."

"நேத்தா?"

"நேத்துச் சாயங்காலமுங்க. ஞாயித்துக்கெழமை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. பழைய நேரத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதிய நேரத்தை எழுதினார். விரலை மடக்கி எண்ணினார். "இருபத்தியொரு மணி நேரம்" என்றார். பிறகு எழுந்து நின்று, "கிளம்பலாம்மா. இப்பவே" என்றார். குரலில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. பையை மூடுவதற்குள் டாக்டரம்மாவுக்குப் போன் பேசி முடித்துவிட்டார்.

வீட்டுக்காரர் காரைத் திருப்பினார். கேட்டுக்கு வந்தபோது மாமியார் குறுக்கே நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ஏனுங்க, மணி ரெண்டு. மூணு வரைக்கும் குளிகைங்க. குளிகைல ஆசுபத்திரிக்குப் போனா திரும்பத் திரும்பப் போற மாதிரி ஆயிருமுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன், நல்லவேளையாக அப்போது வலி பிடித்துக்கொண்டது. மிட்வைஃப்தான் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

"பிள்ளை பெறத்தானேம்மா போறோம். திரும்பத் திரும்பப் பேரப்பிள்ளை வந்தா உங்களுக்கு வேண்டாமா?"

மாமியார் ஒரு நொடி யோசித்தார். அவருடைய சாஸ்திரத்தில் அதற்கு மறுப்பு இல்லை போல. "அதுஞ் சரித்தானுங்க" என்று சொல்லி, அவரே பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வழியெல்லாம் மிட்வைஃப் துடிப்பைக் கேட்டபடி வந்தார். நூற்று அறுபத்தைந்து, நூற்று எழுபது என்று எனக்கும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. நான் அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிரசவ அறை வாசலில் ஒரு ஆயா கையை நீட்டி மறித்தார். "பேஷண்ட் மட்டும் உள்ள வாங்க." எதற்காக ஒரு நாள் முழுக்கப் பொய்யைச் சுமந்தேனோ, அது கடைசியில் அப்படியே என் எதிரில் வந்து நின்றது. இரும்புக் கட்டில் உள்ளே தெரிந்தது. என் கால் நகரவில்லை. மிட்வைஃப் வாக்குவாதம் செய்யவில்லை. தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அங்கே கிடந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். "நானும் இவங்களும் சேர்ந்துதான் வருவோம். டாக்டர்கிட்ட பேசியிருக்கேன்" என்றார். உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல், "விடுங்க, வரட்டும்" என்றது. ஆயா கையை எடுத்துவிட்டார்.

இவ்வளவுதான். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நான் ஐந்து வருடமாகப் பயந்த கதவை அவர் அதைப் போட்டுக்கொண்டு தாண்டினார்.

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "நேத்து சாயங்காலமா? ஏன் காலையிலேயே கூட்டிட்டு வரலை? நீங்க இப்படிப் பண்ற ஆள் இல்லையே."

"நான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கணும் டாக்டர்" என்றார் மிட்வைஃப்.

ஊசி குத்தக் கையை நீட்டியிருந்த நான் தலையைத் தூக்கினேன். "கேட்டாங்க டாக்டர். நேத்து ஏதாச்சும் கசிஞ்சுதான்னே கேட்டாங்க. நான்தானுங்க இல்லைன்னு சொன்னேன். இங்க வரப் பயந்துட்டுச் சொன்னனுங்க." சொல்லி முடித்ததும் அழ ஆரம்பித்தேன். சத்தம் போட்டு, மூக்கொழுக, வெட்கமில்லாமல் அழுதேன்.

டாக்டரம்மா பாட்டிலை மாட்டினார். கிருமிக்கு ஒரு மருந்து, வலி நெருங்க ஒரு மருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வரப் பயமா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு எது செய்தாலும் செய்வதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

அந்த மூன்று மணி நேரத்தில் மிட்வைஃப் என் தலைமாட்டை விட்டு ஒருமுறைகூட நகரவில்லை. வீட்டில் செய்ததையேதான் செய்தார். இடுப்பை அழுத்தினார், தண்ணீர் கொடுத்தார், உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னார். கத்தினேன். "நல்லாக் கத்தும்மா" என்றார். நான் பிடிவாதம் பிடித்தது வீட்டுக்காக. எனக்கு வேண்டியிருந்தது இந்த ஆள். அது புரிய இரும்புக் கட்டில் வரை வர வேண்டியிருந்தது.

ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாவது மகள் பிறந்தாள். உடனே அழவில்லை. டாக்டரம்மா அவள் முதுகைத் துணியால் தேய்த்தார், மூக்கில் எதையோ வைத்து உறிஞ்சினார். நான் மிட்வைஃப் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எனக்குத் தீர்ப்பு. பிறகு பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம். அதன் பின்னால் முழு அழுகை. மிட்வைஃப் கண்ணை மூடித் திறந்தார். எனக்கு உடம்பில் இருந்த எலும்பெல்லாம் கரைந்துபோன மாதிரி இருந்தது. அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை.

காய்ச்சல் காரணமாகக் குழந்தையை இரண்டு நாள் கண்ணாடி அறையில் வைத்து மருந்து கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் மாமியார் பஞ்சாங்கம் பேசவில்லை. மிட்வைஃப் பார்க்க வந்தபோது தாழ்வாரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு மணி தாண்டட்டும்னு நான்தானுங்க சொன்னேன்" என்றார்.

"நீங்க ஆறு மணி வரைக்கும்தானேம்மா சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு மிட்வைஃப் என்னைப் பார்த்தார். எனக்குச் சேர வேண்டியது சரியாக வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்தது. குழந்தையை என் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் பதினெட்டு நிமிடத் தூரத்தை முப்பத்தைந்து நிமிடம் ஓட்டினார்.

பிரசவத்தோடு மிட்வைஃபின் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், பிறகு பத்தாம் நாளும் வீட்டுக்கு வந்தார். குழந்தையை ஒரு துணியில் போட்டு எடை பார்த்தார். பால் சரியாகக் குடிக்கிறாளா, எனக்குத் தையல் இழுக்கிறதா, ரத்தம் எவ்வளவு போகிறது என்று கேட்டார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். ஆசைக்குத் தயிர் சாப்பிட்டதைக்கூட ஒப்புக்கொண்டேன். எனக்குப் பத்தியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த மாமியார் என்னை முறைத்தார்.

பத்தாம் நாள் எல்லாம் எழுதி முடித்து, பேனாவை மூடாமல், "மனசு எப்படிம்மா இருக்கு? அழுகை வருதா?" என்று கேட்டார்.

மாமியார் பூண்டுக் குழம்புச் சட்டியோடு அப்போதுதான் உள்ளே வந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கறா. அழுவறதுக்கு என்னுங்க இருக்குது" என்று என் சார்பில் பதில் சொல்லிவிட்டார்.

நான் குழந்தையை மடியில் கிடத்தினேன். "வருதுங்க அக்கா. தெனமும் பொழுது சாயறப்ப வருது. குழந்தைய யாராவது வாங்கிட்டுப் போனாத் தேவலைன்னு தோணுது. ஏன்னு தெரியல" என்றேன்.

மிட்வைஃப் தலையாட்டினார். அது பலருக்கும் வரும், அநேகமாகத் தானாகக் குறையும், இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் டாக்டரிடம் போவோம், அதுவரை தினமும் சாயங்காலம் தனக்குப் போன் பண்ண வேண்டும் என்றார். நோட்டில் எழுதினார். மாமியார் சட்டியை வைக்கவும் இல்லை, போகவும் இல்லை. சட்டியோடு கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு ஆறு மாசம் இருந்துச்சுங்க" என்றார். "இவ ஊட்டுக்காரன் பொறந்தப்ப. கெணத்து மேட்டுல போய் உக்காந்துக்குவேன். யாருகிட்டயும் சொன்னதில்லைங்க."

மிட்வைஃப் நோட்டை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். "ஏம்மா சொல்லலை?"

மாமியார் சட்டியின் விளிம்பை முந்தானையால் துடைத்தார்.

"யாரும் கேக்கலைங்களே" என்றார்.